கங்காருக் கறியும் ஏரிக் கொக்கும்

புழலிலிருந்து தாய் ஒருவர் எழுதியுள்ள கடிதம் நம் மேசைமீது இருக்கிறது. நான்கு பக்கம், இடம் போதாமல் கடைசிப் பக்கத்தின் ஓரத்திலும் எழுதி முடித்திருக்கிறார். அவருடைய மூத்த மகன் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில் பணிபுரிகிறார். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒருநாள் மாலை தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது அடுப்பின்மேல் குழம்பு கொதிப்பதைக் கண்டு, ஆட்டுக்கறியா என்று கேட்டிருக்கிறார். "இல்லை அத்தை, கங்காருக் கறி. கொழுப்பே கிடையாது, விலையும் குறைவு" என்று மருமகள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அன்றிரவு அத்தைக்கு உறக்கமில்லை. "வயிற்றிலே பை வைத்து அதில் குட்டியைச் சுமக்கிற தாயல்லவா அது? அதைப் போய் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தின்னலாமா? அக்கம்பக்கத்தில் சொன்னால், நாய்க்கறி தின்பதும் இதுவும் ஒன்றுதான் என்கிறார்கள். இது பாவமா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்கு இது சேருமா, சேராதா?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமையை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. சுத்தபோசன நாளில் நாம் விலக்குவது நிலத்து விலங்கு, பறவை ஆகியவற்றின் இறைச்சியை. கங்காரு நிலத்தில் துள்ளித் திரியும் விலங்கு. ஆகவே அது இறைச்சிதான். தென் அமெரிக்காவில், குறிப்பாக வெனிசுலா நாட்டில், நீரும் நிலமுமாய் வாழும் கேப்பிபாரா என்னும் பெரிய எலியினத்து விலங்கை மீன் வரிசையில் சேர்த்துத் தவக்காலத்தில் உண்ணும் வழக்கம் பல நூற்றாண்டாக உண்டு. அத்தகைய சலுகை எதையும் கங்காரு எதிர்பார்ப்பதற்கில்லை. ஆஸ்திரேலியத் திருச்சபையில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமே இறைச்சியைக் கட்டாயமாக விலக்க வேண்டிய நாள்கள். மற்ற வெள்ளிகளில் ஒவ்வொருவரும் தமக்கேற்ற வேறொரு தவமுயற்சியை மேற்கொள்ளலாம்.

பாவமா என்ற கேள்வி அவ்வளவு எளிதன்று. இன்ன விலங்கு தகும், இன்னது தகாது என்ற நீண்ட பட்டியல் லேவியர் நூலில் இருப்பது உண்மையே. முயலும் ஒட்டகமும் அதில் தகாதவை. ஆயினும் யோப்பா பட்டணத்தில், தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டு மாடியில், பசியோடு இருந்த பேதுருவுக்கு வானத்திலிருந்து இறங்கிய விரிப்பைப் பற்றிப் பங்கு மக்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த விரிப்பில் எல்லா வகை விலங்கும் இருந்தன. கங்காருவும் இருந்திருக்கலாம் என்று சிரிப்பதற்கு இடமுண்டு. ஆனால் அந்தக் காட்சி யாரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்குகிறோம் என்பதைப் பற்றியது என்பதைப் பேதுருவே பின்னர் கொர்னேலியு வீட்டு வாசலில் புரிந்துகொண்டார். விலங்கின் பெயரை வைத்து எந்த இறைச்சியும் நமக்குப் பாவமாவதில்லை. ஆனால் அந்த விலங்கு எவ்வாறு மேசைக்கு வந்தது என்பதில் பாவமும் புண்ணியமும் இருக்கக்கூடும். ஆகவே கங்காரு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

அந்நிலத்தின் ஆதிக்குடிகள் 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழ்பவர்கள். அவர்களுக்குக் கங்காரு நாமறிந்த ஆட்டைப்போல அன்றாட உணவு. நடு ஆஸ்திரேலியாவில் கங்காருவின் பருத்த வாலைத் தணலிலும் சாம்பலிலும் புதைத்துச் சுட்டு உண்பது இன்றும் நடக்கிறது. வெள்ளையரில் முதன்முதல் அதனை உண்டு எழுதி வைத்தவர்கள் கேப்டன் குக்கின் கப்பலார் எனலாம். 1770 ஜூலையில் பழுதான கப்பலை வடகிழக்குக் கரையிலுள்ள ஓர் ஆற்று முகத்தில் இழுத்துப் போட்டுச் செப்பனிட்டுக் கொண்டிருந்தபோது, கோர் என்னும் அதிகாரி ஒரு விலங்கைச் சுட்டு வீழ்த்தினார். மறுநாள் அது விருந்தாயிற்று. நல்ல உணவு என்று குக் தம் நாட்குறிப்பில் எழுதினார். கங்காரு என்ற பெயரும் அவ்வாற்றங்கரையில் வாழ்ந்த கூகு இமிதிர் மக்களின் மொழியிலிருந்து வந்ததே. "எனக்குத் தெரியாது" என்று அவர்கள் சொன்னதையே வெள்ளையர் பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்று பள்ளியில் சொல்லித்தரப்படும் கதை வெறுங்கதை.

இவ்வளவு பழமையான உணவைக் குடியேறிய வெள்ளையர் பின்னாளில் இழிவாக எண்ணத் தொடங்கினர். ஆடும் மாடும் பெருகியதும் கங்காரு, புல்லைத் தின்று தீர்க்கும் தொல்லையாயிற்று. அதன் இறைச்சி நாய்க்கும் பூனைக்கும் போடும் தீனியாயிற்று. மனிதர் உண்பதற்காக அதனை விற்கலாம் என்று தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 1980-இல்தான் சட்டப்படி இசைந்தது. மற்ற மாநிலங்களில் அதற்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையே 1981-இல் பெரிய மானக்கேடு ஒன்றும் நேர்ந்தது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான மாட்டிறைச்சிப் பெட்டிகளில் கங்காரு இறைச்சியும் குதிரை இறைச்சியும் கலந்திருந்தது அங்குக் கண்டுபிடிக்கப்பட்டது. நாட்டின் இறைச்சி வணிகமே ஆட்டம் கண்டது. அரசு உயர்நிலை விசாரணை ஆணையம் அமைக்க நேர்ந்தது. கங்காருவை உண்ணலாமா கூடாதா என்பது அந்த விசாரணையின் பொருளன்று. மாடு என்று சொல்லி வேறொன்றை விற்றதே குற்றம்.

இன்று அந்நாட்டின் பெரிய கடைகளில் ஆடு, மாடு, கோழிக்குப் பக்கத்திலேயே கங்காருக் கறியும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இதில் நம்மவர் பலர் அறியாத ஒன்றுண்டு. கங்காருவை எவரும் பண்ணையில் வளர்ப்பதில்லை. அது வேலிக்குள் அடங்காது. மந்தையாய் ஓட்டிச் செல்லவும் முடியாது. கடைக்கு வருவதெல்லாம் காட்டிலும் புல்வெளியிலும் தன்போக்கில் வாழ்ந்த விலங்கின் இறைச்சி. உரிமம் பெற்ற வேட்டைக்காரர் இரவில் வண்டியில் சென்று, ஒளிவிளக்கின் வெளிச்சத்தில் நிற்கும் விலங்கைத் தலையில் ஒரே குண்டால் சுட வேண்டும் என்பது விதி. உடலில் வேறிடத்தில் குண்டு பாய்ந்ததை இறைச்சிக் கூடத்தார் ஏற்பதில்லை. ஆண்டுதோறும் விமானத்தில் பறந்து எண்ணிக்கை எடுக்கிறார்கள். வேட்டை நடக்கும் பகுதிகளில் உள்ளவற்றில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு என மாநில அரசுகள் உச்சவரம்பு வகுக்கின்றன. உண்மையில் சுடப்படுவது அவ்வரம்புக்கு மிகவும் குறைவு. 2010-களில் அந்த எண்ணிக்கை நான்கு கோடியை ஒட்டி இருந்தது. மழை பொய்த்தால் அதில் பெரும்பகுதி பசியாலும் தாகத்தாலும் மடிவதுண்டு.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்து, ஆடு மாடு எதையும் தொடாமல் கங்காருவை மட்டும் உண்பவர் சிலர் 2010-ஐ ஒட்டி அங்குத் தோன்றினார்கள். அவர்கள் கூறும் நியாயம் கேட்கத்தக்கது. கூண்டிலும் கொட்டிலிலும் அடைபடாமல் வாழ்ந்த விலங்கு அது. சந்தைக்கு லாரியில் நசுங்கி வருவதில்லை. கொல்லப்படும் நொடிவரை தன் மேய்ச்சல் நிலத்திலேயே இருக்கிறது. மாடு அசைபோடும்போது வெளிவிடும் மீத்தேன் வாயுவில் மிகச் சிறு பங்கையே கங்காரு வெளியிடுகிறது. அதன் மெத்தென்ற பாதம் மண்ணைக் குளம்பைப்போல் கிளறிச் சிதைப்பதில்லை. நம் புறநகர்களில் கோழிகளை இரு சக்கர வண்டியின் இருபுறமும் தலைகீழாய்த் தொங்கவிட்டுக் கொண்டுபோவதைத் தினமும் காணும் நாம் இந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் புழலிலிருந்து எழுதிய தாயின் மனத்தைத் தைத்தது அந்தப் பை. அங்குதான் கங்காரு வேட்டையின் மிகக் கடினமான பக்கமும் இருக்கிறது. பையில் குட்டியோடு இருக்கும் பெண் கங்காரு சுடப்பட்டால், அக்குட்டி தனியே பிழைக்காது; ஆதலால் அதையும் உடனே கொன்றுவிட வேண்டும் என்பதே அரசின் நெறிமுறை. சிறு குட்டியாயின் தலையில் அடித்துக் கொல்லச் சொல்கிறார்கள். 2008-இல் வகுக்கப்பட்டு 2020-இல் திருத்தப்பட்ட அந்த நெறிமுறையைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு பதறும். பையைவிட்டு வெளியே வந்து தாயின் பின்னால் ஓடித் திரியும் பருவத்துக் குட்டி இருளில் தப்பியோடிவிட்டால் அதன் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதை எதிர்த்து அந்நாட்டிலேயே பலர் பல்லாண்டாகப் போராடி வருகிறார்கள். அதன் பயனாகச் சில இறைச்சி நிறுவனங்கள் ஆண் கங்காருவை மட்டுமே வாங்குவது என்று தீர்மானித்தன. வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் பந்தாடும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி: கால்பந்துக் காலணிக்குக் கங்காருத் தோலைப் பயன்படுத்துவதை விட்டுவிடுவதாகப் பூமா, நைக்கி ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் 2023-இல் அறிவித்தன.

நம் கருத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வோம். அந்த இறைச்சியை உண்பதில் பாவமில்லை. அந்தக் குட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் உண்பது நன்றன்று. ஆண் விலங்கை மட்டும் வாங்கும் நிறுவனம் எது என்று மகன் கடையில் விசாரிக்கலாம். கூச்சப்பட வேண்டியதில்லை, இத்தகைய கேள்விக்கு விடை சொல்லிப் பழகிய கடைகள் அவை. விசாரித்தும் மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடலாம். பருப்பும் கீரையும் முட்டையும் மெல்போர்னிலும் கிடைக்கும்.

மருமகளின் உடல்நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. கங்காருக் கறியில் கொழுப்பு 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். புரதமும் இரும்புச் சத்தும் மிகுதி. கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து எவ்வளவு தேவை என்பதைத் தாய்மார் அறிவர். ஆனால் கொழுப்பில்லாத இறைச்சி அதிகம் வெந்தால் கட்டையாகிவிடும் என்று கருதி, உள்ளே சிவந்திருக்கும்போதே இறக்குவது அந்நாட்டு வழக்கம். அது கர்ப்பிணிக்கு ஆகாது. காட்டு விலங்கின் இறைச்சியில் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அரைவேக்காட்டில் அது சாவதில்லை. வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யும். நம் வீட்டுக் குழம்பைப்போல நன்றாகக் கொதித்து வெந்தால் அந்த அச்சமில்லை. கொத்துக்கறியாக வாங்கி, வெங்காயமும் தக்காளியும் தாராளமாய்ச் சேர்த்து ஈரப்பதத்தோடு வேக வைத்தால் கட்டையாகவும் ஆகாது. எப்படியும் மருத்துவரை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆஸ்திரேலிய அரசின் இலச்சினையில் கேடயத்தின் ஒருபுறம் கங்காருவும் மறுபுறம் ஈமு என்னும் பெரிய பறவையும் நிற்கின்றன. தம் நாட்டு இலச்சினையில் உள்ள இரண்டையும் சமைத்து உண்பவர்கள் அவர்கள். (நம் தேசியப் பறவையான மயிலைக் கொன்றால் ஏழாண்டு வரை சிறை.) கங்காரு தமிழ்நாட்டுக்கு உணவாக வரவில்லை. ஆனால் அந்த இலச்சினையின் மறுபக்கத்திலிருந்து ஈமு வந்தது. வந்து நம் மக்களை என்ன பாடுபடுத்தியது என்பதை ஈரோடு, கோவை, நாமக்கல், சேலம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்துறையிலும் சுற்றுப்புறத்திலும் ஈமுப் பண்ணை நிறுவனங்கள் பல முளைத்தன. கொழுப்பில்லாத சிவந்த இறைச்சி, மருந்துக்கு எண்ணெய், அழகுப் பொருளுக்கு முட்டை ஓடு, தோலுக்குத் தனி விலை, உலகமெல்லாம் இதற்கு ஏக்கம் என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். திரைப்பட நடிகர்கள் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார்கள். அவற்றில் பெரியது சுசி ஈமுப் பண்ணை. அங்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகளையும் கொட்டகையையும் தீவனத்தையும் அவர்களே கொடுப்பார்கள். வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய், ஆண்டு முடிவில் 20,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது ஏற்பாடு. கொட்டகைக்கு இடமில்லையா? பறவையை அவர்களே வளர்ப்பார்கள். பணத்தை மட்டும் கட்டினால் போதும்!

வாசகியர் ஒரு துண்டுத் தாளை எடுத்துக் கணக்குப் போடட்டும். மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. ஊக்கத்தொகை சேர்த்து 92,000. ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டு வருமானம் 61 விழுக்காடு. அப்போது வங்கியில் வைப்புத் தொகைக்குக் கிடைத்தது 9 விழுக்காட்டை ஒட்டியே. இந்தப் பணம் எங்கிருந்து வரும்? இறைச்சி விற்று வரவேண்டும். ஒரு பறவையில் 20 கிலோ கறி தேறும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பறவைக்கு 120 கிலோ. கிலோ 500 ரூபாய்க்கு விற்றாலும் 60,000 ரூபாய். ஓராண்டு கொடுப்பதாகச் சொன்ன தொகைக்கே அது போதாது. அதற்குள் பறவையும் தீர்ந்துபோயிருக்கும். தீவனச் செலவை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதற்கெல்லாம் அடிப்படையான கேள்வி ஒன்றிருந்தது. அதைக் கேட்டவர் மிகச் சிலர். இந்த இறைச்சியை யார் உண்கிறார்கள்? கொங்கு நாட்டுக் கல்யாணப் பந்தியில் ஈமுக் கறி பரிமாறினார்களா? ராயபுரத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மணத்ததா? சில உணவகங்கள் விநோதத்துக்காகச் சமைத்தன; மக்கள் ஒருமுறை தின்று பார்த்துவிட்டு ஆட்டுக்கும் கோழிக்கும் திரும்பிவிட்டார்கள். உண்பாரில்லாத இறைச்சி அது. புதிதாகச் சேர்பவர் கட்டும் பணம் பழையவருக்கு மாதக் கூலியாகப் போய்க்கொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் அந்த ஊற்று வற்றியது. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. ஓய்வூதியத்தைக் கட்டியவர், மகளின் நகையை அடகு வைத்துக் கட்டியவர், நிலத்தை விற்றுக் கட்டியவர் என ஆயிரக்கணக்கானோர் காவல் நிலைய வாசல்களில் வரிசையாய் நின்றனர். பட்டினியால் சுருண்ட பறவைகளுக்கு அரசே பணம் ஒதுக்கிக் கால்நடைத் துறையினரைக் கொண்டு தீவனமிட வேண்டியதாயிற்று. முதலீட்டாளர் நலனைக் காக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குகள் நடந்தன. சுசி நிறுவனத்தின் உரிமையாளருக்குக் கோவைச் சிறப்பு நீதிமன்றம் பிற்பாடு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கட்டியவர்க்கெல்லாம் கட்டிய தொகை முழுவதும் அதனால் திரும்பிவிடவில்லை.

ஆட்டுக்குட்டி ஆறு தருகிறேன், ஆண்டுக்கு 92,000 தருகிறேன் என்று எவரேனும் சொல்லியிருந்தால் நம் விவசாயி அவரைத் திண்ணையைவிட்டு இறங்கச் சொல்லியிருப்பார். ஆட்டின் விலை அவருக்குத் தெரியும். ஈமு விநோதமானது; அதனால் கணக்கும் விநோதமாய் இருக்கலாம் என்று நம்பினார். கங்காருவைக் கண்டு அஞ்சும் மனமும் ஈமுவைக் கண்டு மயங்கும் மனமும் வெகு தொலைவில் இருப்பவை என்று நமக்குத் தோன்றவில்லை.

அச்சம் செய்யும் கேட்டையும் நம் நகரம் கண்டது. 2018 நவம்பர் 17-ஆம் நாள் சென்னை எழும்பூர் இரயில் நிலையத்தில் ஜோத்பூரிலிருந்து வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி கைப்பற்றப்பட்டது. வால் நீண்டிருக்கிறது, ஆகவே நாய்க்கறி என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஆய்வின் முடிவு வருமுன்னரே அது தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நகரெங்கும் பரவிற்று. தள்ளுவண்டியிலும் சிறு கடையிலும் பிரியாணி விற்றுப் பிழைப்பவர்களின் அண்டாக்கள் சில நாள் அப்படியே நிரம்பி நின்றன. அவர்களைப் பார்த்து ஏளனம் பேசியவர்களும் உண்டு. வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ந்து, அது ஆட்டிறைச்சியே என்று சில நாளில் அறிவித்தது. வடநாட்டு ஆட்டினங்களில் வால் நீண்டவை உண்டு. பெட்டியில் அடைத்து, போதிய பனிக்கட்டியின்றி, இரயிலில் வந்த இறைச்சி உண்ணத் தக்கதா என்ற கேள்விதான் அங்குக் கேட்கத் தக்கது. அது நாய் என்ற கூச்சலில் அமுங்கிப்போயிற்று. ஆஸ்திரேலியாவில் 1981-இல் பெட்டிக்குள் வேறு இறைச்சி உண்மையாகவே இருந்தது, எழும்பூரில் இல்லை. இரண்டையும் ஆய்வுக்கூடமே பிரித்துச் சொன்னது. அக்கல்லூரியை உள்ளடக்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் புழலுக்கு வெகு அருகில், மாதவரம் பால் பண்ணையில்தான் இருக்கிறது என்பதை அக்கம்பக்கத்தாருக்கு நினைவூட்டுகிறோம்.

கடிதத்தில் வரும் அந்த அக்கம்பக்கத்துப் பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்னார் தின்பது நாய்க்கறிக்குச் சமம் என்ற சொல் வடசென்னைக்குப் புதிதன்று. மாட்டுக்கறி உண்பவர் பாத்திரத்தை மூடி எடுத்துச் செல்வதையும், பள்ளியில் பிள்ளைகள் மதிய உணவைத் திறக்கக் கூசுவதையும் நம் பங்குகளில் காணாதவரில்லை. ஆட்டுக்கறி விலை ஏறியபோதெல்லாம் உழைக்கும் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றியது அதுவே. நாய்த் தீனி என்று ஒதுக்கப்பட்ட கங்காருவை அந்நாட்டார் பத்துப் பதினைந்தாண்டில் பெரிய உணவகங்களின் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இறைச்சி மாறவில்லை. அதை உண்ணுகிறவர்கள் மாறினார்கள். அதனால் மதிப்பும் மாறிற்று. இறைச்சியால் எவரும் கடவுளுக்கு அருகில் போவதுமில்லை, விலகுவதுமில்லை என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருளை நம் சமையலறைகளில் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

காட்டு விலங்கின் இறைச்சி என்பதற்காகத்தான் கங்காருவைக் கண்டு மனம் பதறுகிறதென்றால், புழலிலேயே பார்க்கத் தக்கது ஒன்றுண்டு. 1876-இல் சென்னையின் குடிநீருக்காகப் பெருக்கிக் கட்டப்பட்ட புழல் ஏரியும், அடுத்துள்ள சோழவரம் ஏரியும், வடக்கே பழவேற்காடும் மழைக்காலத்துக்குப்பின் பறவைகளால் நிறைந்திருக்கும். நாமக்கோழி, மடையான், உள்ளான் ஆகியவற்றோடு வெகு தொலைவில் வடக்கேயுள்ள நாடுகளிலிருந்து நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் குளிருக்கு ஒதுங்க வருகின்றன. இத்தகைய ஏரிகளின் ஓரத்துச் சாலைகளில் கால் கட்டப்பட்ட கொக்கையும் மடையானையும் கையில் தூக்கிப் பிடித்து விற்பதை நெடுஞ்சாலையில் செல்பவர்கள் கண்டிருப்பார்கள். உயிரோடிருப்பது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அவை இறக்கையடிக்கும்படி ஆட்டிக் காட்டுவதுண்டு. ஆஸ்துமாவுக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். அதற்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றம். பிடிப்பதும் விற்பதும் போலவே வாங்குவதும் குற்றமே. இங்கே உரிமமில்லை, உச்சவரம்பில்லை. கூட்டில் குஞ்சு காத்திருக்கிறதா என்று கேட்பாருமில்லை. மெல்போர்ன் கடையிலாவது கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். விற்கிறவர் பெரும்பாலும் ஏழை. அன்றைய அரிசிக்காக வலை விரித்தவர். வாங்குகிறவர் காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, பேரம் பேசி வாங்குகிறார். வனத்துறையினர் வரும்போது கார் போய்விட்டிருக்கும். பறவைகளோடு அகப்படுகிறவர் வலை விரித்தவரே.